நோயாளியின் பாஷை

வலி என்று நாம் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். கிராமத்துக் கிழவி அப்படிச் சொல்வதில்லை. குத்து என்பாள், குடைச்சல் என்பாள். கடுப்பு வேறு, உளைச்சல் வேறு. கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சொற்கள் செல்வம். வைத்தியருக்கோ இவைதாம் நோயின் முகவரி.

இதை உணர்ந்து தமிழில் வைத்தியம் கற்பித்தவர் ஓர் அமெரிக்கர். ஆனால் அவரைத் தமிழின் பக்கம் திருப்பியது சொல்லழகு அல்ல; ஊரின் தேவை.

1847-இல் யாழ்ப்பாணம் வந்த மிஷன் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மறு ஆண்டே மானிப்பாயில் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார். முதலில் பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான். பிள்ளைகள் நன்றாகவே படித்தார்கள். ஆனால் ஆங்கிலம் தெரிந்த வைத்தியருக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. சம்பளமும் கௌரவமும் காத்திருந்தன. எந்த ஊருக்காகப் படிப்பித்தாரோ, அந்த ஊரில் தங்க ஆளில்லை.

ஆகவே 1860-களில் அவர் பயிற்றுமொழியையே மாற்றினார். புத்தகங்கள் இல்லையே என்று தயங்கவில்லை. தமிழ் உதவியாளர்களுடன் உட்கார்ந்து உண்டாக்கினார். 1867-இல் ‘இரண வைத்தியம்’, 1872-இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ வெளிவந்தன. கலைச்சொல் வேண்டுமானால் முதலில் தமிழில் தேடுவது, பிறகு வடமொழியில், அங்கும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைத்துக்கொள்வது என்பது அவர் முறை. அப்படித்தான் கெமிஸ்ட்ரி ‘கெமிஸ்தம்’ ஆயிற்று. இரு மொழிகளிலுமாக அவர் உருவாக்கிய வைத்தியர்கள் 60 பேருக்கு மேல்.

1873-இல் கிறீன் தாய்நாடு திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூல்களுக்காகவே உழைத்து, 1884-இல் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்பதே அவர் கல்லறையில் பொறித்த பெருமை.

இதற்கிடையில் 1870-இல் கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி தொடங்கிவிட்டது. அங்கே பாடம் ஆங்கிலத்தில். பட்டமும் பதவியும் அந்தப் பக்கம் இருக்கையில், தமிழ் வகுப்பு எத்தனை நாள் தாங்கும்? மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுக்கும் வீடு இருந்தது, கடன் இருந்தது, கரையேற்ற வேண்டிய தங்கை இருந்திருப்பாள். பாஷையை மாற்ற ஒரு கிறீனால் முடிந்தது. சம்பளத்தின் திசையை மாற்ற முடியவில்லை.

1978-இல் யாழ்ப்பாணத்திலேயே மருத்துவபீடம் வந்தது. அங்கும் ஆங்கிலத்தில்தான் பாடம். உலகத்து ஆராய்ச்சியோடு தொடர்பு அறுந்துவிடாதிருக்க அது வேண்டியதுதான். ஆனாலும் பாடத்திட்டத்தைத் திருத்தும்போதெல்லாம் புதிய மருந்தையும் புதிய கருவியையும் எண்ணுகிறவர்கள், கிறீன் எண்ணியதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். படித்து முடித்த பிள்ளை எந்த ஊரில் போய் உட்காரப் போகிறான்? அங்கே அந்தக் கிழவி குடைச்சல் என்றால், அவனுக்குப் புரியுமா?