சுவரில் முளைத்த பென் டிரைவ்

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களை வானத்தில் ஏற்றியது அமெரிக்க ராணுவம். பொதுஜனத்துக்கும் சிக்னல் கொடுத்தார்கள்... ஒரு குசும்போடு! வேண்டுமென்றே அதில் பிழையைக் கலந்து அனுப்பினார்கள். நீங்கள் வீட்டு வாசலில் நின்றால், கருவி உங்களைத் தெருக்கோடியில் காட்டும். 100 மீட்டர் வரை தப்பு. எதிரி அதை வைத்துக் குறிபார்த்துவிடக் கூடாதே!

அதிபர் கிளின்டன் உத்தரவால், 2000 மே 1-ம் தேதி நள்ளிரவோடு இந்தக் கலப்படம் நின்றது. மே 3-ம் தேதியே ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்ற கம்ப்யூட்டர் ஆசாமி, கறுப்பு பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் காட்டோரமாகப் பாதி புதைத்து வைத்தார். உள்ளே புத்தகம், வீடியோ, உண்டிவில், கொஞ்சம் பணம், (எதற்கோ!) ஒரு டின் பீன்ஸ். அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் இன்டர்நெட்டில் போட்டார். நிபந்தனை ஒன்றுதான்... ஏதாவது எடுத்தால், ஏதாவது வைத்துவிட்டுப் போகணும். மூன்றே நாளில் இரண்டு பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். மாதக் கடைசியில் 'ஜியோகேச்சிங்' என்று இந்தப் புதையல் வேட்டைக்குப் பெயரும் வந்துவிட்டது.

காட்டில் சரி... நகரத்தில்? அங்கே ஒளித்துவைத்த பொட்டலம் என்றாலே வயிற்றைக் கலக்கும். 2001 பிப்ரவரியில், ரஷ்யாவுக்கு ரகசியம் விற்ற எஃப்.பி.ஐ. அதிகாரி ராபர்ட் ஹான்சன் பிடிபட்டதே, வர்ஜீனியாவில் ஒரு பூங்காவின் மரப்பாலத்துக்கு அடியில் பொட்டலம் வைத்துவிட்டுத் திரும்பும்போதுதான். இப்படி ஆளை ஆள் பார்க்காமலே சரக்கு கைமாறும் இடத்துக்கு உளவாளிகள் பாஷையில் 'டெட் டிராப்' என்று பெயர்.

அதே பெயரைச் சுட்டார் ஆரம் பார்தோல் என்ற பெர்லின் கலைஞர். 2010 அக்டோபரில் நியூயார்க்கில் ஐந்து இடங்களில் சுவரைத் துளைத்து, பென் டிரைவைச் செருகி, சிமென்ட் பூசினார். மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உளவாளி தன் இடத்தை ஒருவனுக்குத்தான் சொல்வான்; இவரோ போட்டோவும் விலாசமுமாக ஊருக்கே சொன்னார். விதி, உல்மர் வாளியின் விதியேதான். பாட்டோ படமோ, எடுத்துக்கொள். உன்னுடையதையும் போட்டுவிட்டுப் போ! ஜனங்கள் லேப்டாப்பைச் சுவரோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள்.

அதில் எவனாவது வைரஸ் வைத்திருந்தால்? வைத்திருக்கலாம்தான். பூட்டு கிடையாது, காவல் கிடையாது. செருகலாமா, வேண்டாமா என்று ஒரு விநாடி உங்கள் கை தயங்குகிறது பாருங்கள்... என்னைக் கேட்டால், கலைப்படைப்பு அந்தத் தயக்கம்தான். நாற்சந்திச் சிலைகளில் எத்தனை நம்மிடம் இப்படி எதையாவது கேட்டிருக்கின்றன?

2011-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமே இதைக் காட்சிக்கு வைத்தது. அதைவிடப் பெரிய விஷயம், செய்முறையைப் பார்தோல் பகிரங்கமாகக் கொடுத்துவிட்டதால், பல நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுவர்களில் பென் டிரைவ் முளைத்தது. மழையில் துருப்பிடித்தவை உண்டு, யாரோ பிடுங்கிப்போனவையும் உண்டு. தேவை ஒரு பென் டிரைவ், குழாய்க்குச் சுற்றும் டேப், ஒரு பிடி சிமென்ட். சுவரின் சொந்தக்காரரைச் சமாளிப்பது உங்கள் பாடு!