பழைய கார்களில் புகைவழி வெப்பம்

பெட்ரோல் இன்ஜினில் எரிந்த வாயு சிலிண்டரை விட்டு வெளியேறும்போது தன்னோடு எடுத்துச் செல்லும் வெப்பமே புகைவழி வெப்பம். எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படித்தான் வெளியேறுகிறது. அதில் ஒரு பகுதி சைலன்சர் வரை போகாமல் மேனிபோல்ட் வழியே பானட்டுக்குள் இறங்கிவிடுகிறது. மேடு ஏறும் காரில் மேனிபோல்ட்டின் மேற்பரப்பு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. இருட்டில் பார்த்தால் மங்கிய செந்நிறமாகத் தெரியும். ரேடியேட்டர் கொதிப்பது வேறு, இது வேறு. டாஷ்போர்டில் வெப்பமானி முள் நடுவிலேயே நிற்கும்போதும் பானட்டுக்குள் பெட்ரோல் கொதித்துக்கொண்டிருக்கலாம்.

பழைய கார்களில் இந்தத் தொல்லை மிகுவதற்கு முதல் காரணம் இன்ஜினின் அமைப்பு. அம்பாசிடரில் நெடுங்காலம் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்தின் பி-வரிசையைச் சேர்ந்தது. 1962 முதல் 1980 வரை வந்த எம்.ஜி.பி. காரில் அதே வரிசையின் 1798 சி.சி. வடிவம் இருந்தது. இவற்றில் கலவை உள்ளே போகும் வழியும் புகை வெளியே வரும் வழியும் இன்ஜினின் ஒரே பக்கத்தில் உள்ளன. கார்பரேட்டர் ஏறக்குறைய அடுப்பின் மேல் வைத்த பாத்திரம்போல் அமர்ந்திருக்கிறது. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் இந்த அமைப்பைக் கொண்டதே. இதை வடிவமைப்பாளரின் பிழை என்று சொல்லிவிட முடியாது. பனிக்காலத்தில் கார்பரேட்டருக்குள் ஈரம் உறைந்து பனிக்கட்டி படியும். குளிர்ந்த உலோகத்தில் பெட்ரோல் ஆவியாகாமல் துளியாக ஒட்டிக்கொள்ளும். பிரிட்டன் போன்ற குளிர்நாட்டுக்கு இந்தச் சூடு வேண்டியிருந்தது. சித்திரை வெயிலுக்கு அது வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

கார் ஓடும்போது தொல்லை பெரும்பாலும் அடங்கியிருக்கும். நிறுத்திய பிறகுதான் தலைதூக்கும். இன்ஜினை அணைத்ததும் ஃபேன் நிற்கிறது, தண்ணீர் ஓட்டம் நிற்கிறது, கார்பரேட்டருக்குப் புதுப் பெட்ரோல் வருவதும் நிற்கிறது. மேனிபோல்ட்டில் தேங்கிய சூடு மட்டும் மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது. பெட்ரோலின் இலகுவான கூறுகள் 35 டிகிரி அளவிலேயே கொதிக்கத் தொடங்குபவை. டீக்கடையில் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றும், வண்டி கிளம்பாது. கார்பரேட்டரின் கிண்ணத்திலிருந்து பொங்கிய பெட்ரோல் இன்ஜினுக்குள் வழிந்து கலவை தடித்திருக்கலாம். அல்லது பம்புக்குள் ஆவி அடைத்து, பெட்ரோலே வராமல் போயிருக்கலாம். பின்னதை ஓட்டுநர்கள் ‘ஏர் லாக்’ என்பார்கள். அடைத்திருப்பது காற்றல்ல, பெட்ரோலின் ஆவி. ‘ஏ.சி. பம்பு’ என்று வழங்கிய பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றியது இதற்காகத்தான். எளிய வைத்தியம், ஆனால் அறிவியல் பிசகாதது: துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது பம்பின் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு போகிறது. எத்தனால் சிறிதளவு கலந்தாலும் பெட்ரோலின் ஆவியழுத்தம் கூடும் என்பதால், இக்கால எரிபொருளில் பழைய வண்டிகளுக்கு இந்தச் சிக்கல் குறைய வழியில்லை.

தடுப்பு முறைகளில் முதலிடம் வெப்பத் தகட்டுக்கு. சூடான பரப்பு கதிராக வீசும் வெப்பம் தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்கில் உயரும். 300 டிகிரியில் இருப்பதைவிட 600 டிகிரியில் இருக்கும் இரும்பு ஐந்து மடங்குக்கும் மேலாக வீசும். பளபளக்கும் அலுமினியத் தகடு இந்தக் கதிரின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் இரண்டு நிபந்தனைகள். தகடு மேனிபோல்ட்டைத் தொடக் கூடாது, இரு பக்கமும் காற்று போக இடைவெளி வேண்டும். 660 டிகிரியில் அலுமினியம் உருகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டாவது, அது பளபளப்பாகவே இருக்க வேண்டும். ஆயில் புகை படிந்து கறுத்த தகடு வெப்பத்தை உறிஞ்சத் தொடங்கிவிடும். பல வண்டிகளில் இந்தத் தகடு எப்போதோ ஒரு பழுதின்போது கழற்றப்பட்டு, திரும்ப மாட்டப்படாமலே போயிருக்கும். அதைத் தேடி மாட்டுவது எந்தப் புதுக் கருவி வாங்குவதையும்விடப் பயன் தரும்.

கார்பரேட்டருக்கும் மேனிபோல்ட்டுக்கும் இடையே பேக்கலைட் போன்ற வெப்பம் கடத்தாத கட்டையை வைப்பது உலோகத்தின் வழியே ஏறும் சூட்டைத் தடுக்கும். பெட்ரோல் குழாயை மேனிபோல்ட்டிலிருந்து விலக்கி ஓட்ட வேண்டும். மேனிபோல்ட்டுக்கு மேலே அமர்ந்த கார்பரேட்டரில் வழிந்தோடும் பெட்ரோலைக் கீழே கொண்டுபோய்விட ஒரு சிறு குழாய் இருக்கும். அது உடைந்திருந்தால் பெட்ரோல் நேராக 400 டிகிரி இரும்பின் மேல் சொட்டும். பெட்ரோல் தானாகத் தீப்பிடிக்க 280 டிகிரி அளவு போதும்.

மேனிபோல்ட்டிலும் குழாயிலும் கண்ணாடியிழை நாடா சுற்றும் வழக்கம் பந்தயக் கார்களிலிருந்து வந்தது. சூட்டை அது குறைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஈரத்தைப் பிடித்துவைத்துச் சாதாரண எஃகுக் குழாயை அரித்துவிடும். வெப்பம் வெளியேற வழியின்றி வார்ப்பிரும்பு மேனிபோல்ட் வெடிப்பதும் உண்டு. வார்ப்பிரும்புக்குச் செராமிக் பூச்சு நல்லது, செலவு அதிகம். பழைய வண்டியின் வெப்ப உறைகளிலும் பேக்கிங்குகளிலும் கல்நார் இருக்கலாம். அதை உலர்ந்த நிலையில் சுரண்டவோ ஊதவோ கூடாது.

பானட்டின் பின்விளிம்பை வாஷர் வைத்துத் தூக்கிவிடுவது பரவலான பழக்கம். நிற்கும் வண்டியில் சூடான காற்று அவ்வழியே மேலேறும் என்பது உண்மை. ஓடும்போது கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்றழுத்தம் கூடுதலாக இருப்பதால், அந்த இடுக்கு வழியே காற்று வெளியே போவதற்குப் பதில் உள்ளே நுழையக்கூடும். ரேடியேட்டரைச் சுற்றியுள்ள பொந்துகளை அடைத்து, காற்று முழுவதையும் அதன் வழியே செலுத்துவது மேல்.

எந்தத் தகடும் மாட்டும் முன் சூடு ஏன் கூடியது என்று பார்க்க வேண்டும். டைமிங் பின்தங்கியிருந்தால் எரிதல் முடியும் முன்னே வாயு வெளியேறி மேனிபோல்ட்டை வாட்டும். அடைத்த சைலன்சரும் அதைச் செய்யும். மேனிபோல்ட் பேக்கிங் கசிந்தால் இணைப்பில் கரித்தடம் தெரியும். காலையில் முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போது ‘டிக் டிக்’ என்று ஒரு ஓசை கேட்டு, இரும்பு சூடாகி விரிந்ததும் மறைந்துவிடும். ஸ்டார்ட்டர் மேனிபோல்ட்டுக்கு அருகே இருக்கும் கார்களில் வேறொரு தொல்லை: தாமிரம் 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதன் மின்தடை ஏறத்தாழ 40 விழுக்காடு உயரும். குளிர்ந்தபோது சுறுசுறுப்பாகச் சுற்றிய மோட்டார் சூட்டில் முனகும்.

மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்து பார்க்க அகச்சிவப்பு வெப்பமானி எளிய கருவி. பளபளப்பான தகட்டின் மேல் அதைக் காட்டினால் உண்மையைவிட வெகு குறைவாகவே காட்டும். அளக்கும் இடத்தில் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்கு வெப்பம் தாங்கும் கறுப்புப் பெயின்ட் பூசிக்கொள்ள வேண்டும்.