போடியம் கோட்டையும் 1385 உரிமமும்: ஒரு மறுவாசிப்பு

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள போடியம் அகழிக்கோட்டை எதற்காகக் கட்டப்பட்டது என்ற வழக்கு இன்றும் ஒரே ஆவணத்தையே சுற்றிவருகிறது. 1385 அக்டோபரில் மன்னர் இரண்டாம் ரிச்சர்ட், சர் எட்வர்ட் டாலின்ரிட்ஜுக்கு வழங்கிய மதில் உரிமம் அது. கடலுக்கு அருகிலுள்ளதாக அது குறிப்பிடும் தம் மாளிகையைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அரணாக்கிக்கொள்ள அவருக்கு அது இசைவு தருகிறது. அப்பகுதியைக் காப்பதும் மன்னரின் பகைவரை எதிர்ப்பதும் நோக்கம் என்கிறது. 1377இல் ரை நகரம் பிரெஞ்சுக்காரரால் எரிக்கப்பட்டதையும் 1380இல் வின்செல்சீ தாக்கப்பட்டதையும் இதனுடன் சேர்த்து, போடியம் ஒரு கடலோரக் காவலரண் என்று ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் தீர்மானித்தார்கள். அடுத்த தலைமுறை அதைத் தலைகீழாக்கி, அகழியைக் கோட்டையின் அழகு காட்டும் நீர்க்கண்ணாடி என்றது. உரிமத்தை அதன் அண்டை ஆவணங்களிலிருந்து பிரித்துப் படித்ததே இரு தரப்பாரின் பிழை.

இத்தகைய உரிமங்கள் பெரும்பாலும் விண்ணப்பித்துக் கேட்டவருக்கு வழங்கப்பட்டவை. ஆகவே, அதில் காணும் காரணம் அரசின் போர்த்திட்டத்தைவிட விண்ணப்பித்தவரின் வாதத்தையே எதிரொலிக்கிறது எனக் கொள்வது பொருந்தும். மேலும், உரிமம் பேசுவது ஏற்கெனவே இருந்த மாளிகையைப் பற்றி. டாலின்ரிட்ஜோ அதை விட்டுவிட்டு வேறிடத்தில் புதிதாகக் கட்டினார். கட்டடத்துக்கே சரியாகப் பொருந்தாத ஓர் ஆவணத்தைக் கொண்டு கட்டியவரின் உள்ளக்கிடக்கையை எப்படி அளப்பது?

முன்பின் ஆவணங்களைப் பார்த்தால் சித்திரம் மாறுகிறது. போடியத்தில் சந்தையும் திருவிழாவும் நடத்தும் உரிமை 1383இல் கிடைத்தது. ரோதர் ஆற்று நீரை ஆலைக்குத் திருப்பும் இசைவு 1386இல் வந்தது. இந்நிலம் டாலின்ரிட்ஜுக்கு மனைவி எலிசபெத் வழி வந்தது. இடையில், 1384இல், மன்னரின் சிற்றப்பா ஜான் ஆஃப் கான்ட்டுடன் ஏற்பட்ட பகையில் அவர் விசாரிக்கப்பட்டுச் சிறைப்பட்டார். சந்தை, ஆலை, கோட்டை ஆகிய மூன்றும் அவமானப்பட்ட ஒரு புதிய நிலக்கிழார் தம் வட்டாரத்தில் தலைநிமிர்ந்து நிற்க எடுத்த தொடர் முயற்சிகள். மன்னரின் பகைவர் என்ற சொற்கள் அதற்கு அணிந்த கவசம் என்பது என் கருத்து.

வாயிற்கோபுரத்துத் துப்பாக்கித் துளைகளைப் போர்நோக்கத்துக்குச் சான்றாகச் சுட்டுவோர் உண்டு. ஒரு பெரும்படையைத் தடுக்க அவை போதா. விரிவான மறுப்பு தேவையில்லை. கடற்கரை பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது என்பதும் மறக்கத்தக்கதல்ல. ஆயினும் எல்லாம் பகட்டு என்பாருடனும் நான் இல்லை. தொடக்கத்தில் கோட்டைக்குச் செல்லும் பாலம் அகழியிலுள்ள எண்கோணத் தீவை அடைந்து செங்கோணத்தில் திரும்பியது. வந்தவர் தம் பக்கவாட்டை மதிலுக்குக் காட்டியே நடக்க வேண்டியிருந்தது. கரையை வெட்டினால் அகழி வடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு ஆளும் அவகாசமும் வேண்டும். அண்டைப் பிரபுவின் அடியாட்களுக்கும் 1381 உழவர் கிளர்ச்சியில் எழுந்ததைப் போன்ற கலகக் கூட்டத்துக்கும் அந்த நீர் போதுமான தடை.

1385 உரிமத்தைப் பிரெஞ்சுப் போரின் நேரடிச் சான்றாக மேற்கோள் காட்டும் வழக்கத்தை ஆய்வாளர்கள் இனியாவது கைவிட வேண்டும்.