‘கிளம்பு’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது?

திருக்குறளில் திட்டமிடுதலுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. 47ஆம் அதிகாரம், தெரிந்துசெயல்வகை. பொருட்பாலில், அரசியல் பகுதியில் வருகிறது. எதைத் தொடங்கலாம், எதை விட்டுவிடலாம், யாரோடு கலந்து முடிவெடுக்கலாம் என்பதெல்லாம் அங்கே அரசனுக்குரிய திறன். ஆராய்ந்து கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்று. வீட்டை நடத்துகிறவளின் திட்டமிடலைத் தேடினால் அறத்துப்பாலுக்குப் போக வேண்டியிருக்கிறது. வாழ்க்கைத் துணைநலத்தில், கொண்டவனின் வருவாய்க்கேற்ப வாழும் மாண்பாக அது இடம்பெறுகிறது. அரசனிடம் திறனாக இருப்பது மனைவியிடம் வரும்போது குணமாகிவிடுகிறது. திறன் குறைந்தால் பழகிக்கொள்ளலாம். குணம் குறைந்தால் ஏச்சுதான் மிச்சம்.

பெண்ணைப் போலவே இந்தக் குணப் பட்டியலில் சிக்கிய இன்னொருவர், சின்னக் குழந்தை. ஆறு ஏழு வயது. கதை சொல்லச் சொன்னால் விடியவிடியச் சொல்லும். ‘பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பு’ என்றால் ஒரு காலில் மட்டும் சாக்ஸை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் நிற்கும். சட்டைப் பொத்தானைப் போட்ட பிறகு உள்பனியன் நினைவுக்கு வரும். தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போய், வழியில் கிடந்த கலர் பென்சிலோடு உட்கார்ந்துவிடும். கவனக்குறைவு, ஒருங்கிணைந்த அசைவில் சிரமம், ஆட்டிசம் என்று காரணம் பலவாக இருக்கலாம்; சில குழந்தைகளுக்கு வயது போதாததே காரணமாக இருக்கலாம். வீட்டில் சொல்லப்படுவது ஒன்றுதான்: பொறுப்பில்லை. அடுத்த மூச்சில் அம்மாவுக்கு: வளர்த்த லட்சணம்.

ஐரோப்பாவிலும் இப்படித்தான் தொடங்கியது. 1840களில் ஃபிராங்ஃபர்ட் மருத்துவர் ஹைன்ரிஷ் ஹோஃப்மன் தன் சின்ன மகனுக்காக எழுதி வரைந்த படக்கதைகளில் ஒருவன், சாப்பாட்டு மேசையில் அடங்கி உட்காராமல் மேசைவிரிப்போடு கவிழ்கிற பிலிப். இன்னொருவன் வானத்தைப் பார்த்தபடியே பள்ளிக்கு நடந்து ஆற்றில் விழுகிறான்; அவனுடைய புத்தகப்பை மிதந்துபோகிறது. பிலிப்பின் கதையில் அப்பா கண்டித்துப் பேசுகிறார். அம்மாவுக்கு வசனமே கிடையாது. மேசையைச் சுற்றி மௌனமாகப் பார்க்கிறாள், அவ்வளவுதான். கவனக்குறைவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பிலிப்பைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். அந்த அம்மாவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் ராயல் மருத்துவர் கல்லூரியில் மூன்று சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அறிவில் குறைவில்லாமலே தம்மைக் கட்டுப்படுத்த இயலாத குழந்தைகளைப் பற்றிய பேச்சு அது. வளர்ப்பைக் குற்றம்சாட்டி நிறுத்திக்கொள்ளாமல், காரணம் உடலில் இருக்கலாம் என்று தேடியவர் அவர். அதற்காக அவரை மதிக்க வேண்டும். ஆனால் அவர் வைத்த பெயர் ‘அறநெறிக் கட்டுப்பாட்டின் குறை’. நோய்க்குறி மருத்துவத்துக்குள் வந்தபோதும் அறத்துப்பாலைவிட்டு வெளியே வரவில்லை. அவர் விவரித்த 20 குழந்தைகளில் பெண்கள் 5 பேர்தான். மேசையைக் கவிழ்க்கிறவன் மருத்துவரிடம் போனான். ஜன்னலோரம் நின்ற பெண்குழந்தை வீட்டிலேயே திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் கண்ணில் படுவதற்கு இன்னும் 70 ஆண்டுகள் ஆயின. 1968இல்கூட அமெரிக்க உளநோய்க் கையேட்டில் இந்நிலையின் பெயர் ‘மிகையசைவு’தான். மாண்ட்ரியல் மக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் வர்ஜீனியா டக்ளஸ் 1972இல் எழுதிய கட்டுரை, ஓடியாடுவதைவிடக் கவனத்தை நிறுத்தி வைப்பதும் உந்துதலை அடக்குவதும்தான் இந்தக் குழந்தைகளின் அடிப்படைச் சிக்கல் என்றது. 1980இல் கையேடு பெயரை மாற்றியது. ஓடாமல் ஆடாமல் கனவில் நிற்கிற குழந்தைக்கும் அதில் இடம் கிடைத்தது. ஆனாலும் நம் வீடுகளில் பையன் என்றால் ‘விளையாட்டுப் பிள்ளை’, பெண் என்றால் ‘போகிற இடத்தில் எப்படிக் குப்பை கொட்டுவாள்’ என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை.

குழந்தைக்குத் திட்டமிடல் எப்படி வருகிறது? சோவியத் உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி 1934இல் இறப்பதற்கு முன் எழுதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இருக்கிறது. முதலில் பெரியவர் வாயால் சொல்கிறார். பிறகு குழந்தை அதையே தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டு செய்கிறது. நாளடைவில் சத்தம் உள்ளே இறங்கி, எண்ணமாகிவிடுகிறது. அப்படியானால் காலை ஆறரை மணிக்கு அடுக்களையிலிருந்து வருகிற ‘பல் தேய்ச்சியா, பெல்ட் எங்கே, டைரியில கையெழுத்து வாங்கினியா’ என்ற குரல் என்ன? வீடு அதைத் தொணதொணப்பு என்கிறது. உண்மையில் அது குழந்தைக்குள் இன்னும் உருவாகாத திட்டம். அம்மாவின் தொண்டையில் தற்காலிகமாகக் குடியிருக்கிறது. குழம்பைக் கிளறிக்கொண்டே இரண்டு பேருடைய நாளை ஒருத்தி தலையில் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். இந்த வேலைக்குக் கூலியும் இல்லை, பெயரும் இல்லை; கெட்ட பெயர் மட்டும் உண்டு.

சில குழந்தைகளிடம் இந்தக் குரல் உள்ளே இறங்க நெடுநாள் ஆகிறது. காதில் விழுந்த சொல் அடுத்த அறைக்குப் போவதற்குள் கரைந்துவிடுகிறது. பத்து முறை சொல்வதால் பயனில்லை. சொல்லைப் பொருளாக மாற்ற வேண்டும். இதைச் செய்து காட்டியவர் ஒரு பெண் மருத்துவர்.

மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6 அன்று ரோமின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் புதுப்பித்த கட்டடத்தைப் பாழாக்கிவிடுவார்களே என்பதுதான் இடம் கொடுத்தவர்களின் கவலை. மாண்டிசோரி அதற்கு முன்பு அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என ஒதுக்கப்பட்ட குழந்தைகளோடு வேலை செய்தவர். இட்டார், செகுவின் என்ற பிரெஞ்சு மருத்துவர்களின் வழியைக் கற்றவர். அந்த இல்லத்தில் சட்டங்கள் இருந்தன: மரச்சட்டத்தின் இருபுறமும் துணி, நடுவில் பொத்தான்கள். இன்னொரு சட்டத்தில் கொக்கி, மற்றொன்றில் கயிறு. ‘உடுத்திக்கொள்’ என்று நாம் ஒற்றை வாக்கியத்தில் ஏவுவதை அவர் உடைத்து, ஒவ்வொரு துண்டையும் தனியே கையில் கொடுத்தார். அலமாரி குழந்தையின் உயரத்தில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருந்தது. அடுத்தது என்ன என்பதை ஆசிரியை சொல்ல வேண்டியதில்லை, அறையே சொன்னது.

அவருடைய தொடக்க உரையில் ஒரு துணிச்சலான கருத்தும் உண்டு: தாய்மையின் வேலையில் ஒரு பங்கைச் சமூகம் பொதுவாக ஏற்றுக்கொள்வது. கேட்கவே இனிக்கிறது. ஆனால் இல்லத்தின் விதிகளைப் படித்தால், குழந்தையைக் குளிப்பாட்டிச் சுத்தமான உடையில் அனுப்ப வேண்டியவள் தாய். வாரம் ஒருமுறை ஆசிரியையைச் சந்திக்க வேண்டியவளும் அவளே. சுத்தமில்லாமல் வரும் குழந்தையை நீக்கிவிடலாம். அவருடைய சொந்த மகன் மரியோ, 1898இல் திருமணத்துக்கு வெளியே பிறந்து, வேறொரு குடும்பத்தில் வளர்ந்தார். நெடுங்காலம் வெளியுலகுக்கு மகன் என்று அறிமுகப்படுத்தவும் முடியவில்லை. அந்தக் காலத்தில் ஒரு பெண் தாயாகவும் அறிஞராகவும் இருப்பதற்கு என்ன விலை கேட்டார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 1939இல் தாயும் மகனும் சென்னை அடையாற்றுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். போரின்போது இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. ஏழைத் தெருவுக்காகப் பிறந்த முறை, இன்று நம் நகரங்களில் கட்டணம் கட்ட முடிந்தவர்களின் பள்ளிப் பலகையில் பெயராகத் தொங்குகிறது. மரச்சட்டத்துக்குக் கட்டணம் எதற்கு? பழைய சட்டையைத் தலையணையில் மாட்டினாலே போதும்.

‘கிளம்பு’ என்பதற்குள் குறைந்தது 12 வேலைகள் இருக்கின்றன. ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். அவற்றை நான்கைந்து படங்களாகச் சுருக்கி, செய்கிற இடத்தில் ஒட்ட வேண்டும்: பல் தேய்க்கும் படம் வாஷ்பேசினுக்கு மேல், பையும் ஷூவும் வாசல் கதவில், குழந்தையின் கண்ணுயரத்தில். அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி வலியுறுத்துவதும் இதைத்தான்: உதவி, செயல் நடக்கும் இடத்திலும் நேரத்திலும் இருக்க வேண்டும். முந்தின இரவே சீருடையைப் போடும் வரிசையில் அடுக்கலாம், உள்பனியன் மேலே, பெல்ட் அடியில். ‘பத்து நிமிஷம்’ என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு மணல் கடிகாரம். ஷூ மாட்டக் கற்பிக்கும்போது மற்றதை நாம் செய்துவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் குழந்தைக்கு விடலாம். முடித்த மகிழ்ச்சி அதனுடையதாக இருக்கும். அது பழகியபின் ஒரு படி முன்னால். ‘எத்தனை தடவை சொல்றது’ என்பதற்குப் பதில் ‘அடுத்த படம் என்ன?’ என்று கேட்டால், பார்த்துச் சொல்வது குழந்தையின் வேலையாகிறது. இரண்டு வாரம் சரியாக நடந்ததென்று படங்களைக் கிழித்துவிட வேண்டாம். மூக்குக்கண்ணாடி போட்டவரிடம் கண் தெரிகிறதே, கழற்று என்று யாரும் சொல்வதில்லை.

இதையெல்லாம் யார் செய்வது? படத்தை வரைவதும் ஒட்டுவதும் மீண்டும் அம்மாவின் கணக்கில்தான் எழுதப்படும். பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருமுறை சுவருக்கு வந்துவிட்டால் அந்தத் திட்டத்தை அப்பாவும் படிக்கலாம், தாத்தாவும் படிக்கலாம். ‘எனக்கு ஒண்ணும் தெரியாது, அவளைக் கேள்’ என்பதற்கு வாசற்கதவில் இடமில்லாமல் போகும். அம்மா இரண்டு நாள் வெளியூர் போயிருக்கிற வாரத்தில் தொடங்கிப் பாருங்கள்.