மெட்ரிகுலேஷனும் ஆறாம் படிவமும்: பங்கு கேட்ட அரசியலும் அளவு கேட்கும் அரசியலும்

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) முடிவுகள் வெளிவந்து சில வாரங்கள் ஆனதும் மலேசியத் தமிழ் நாளேடுகளில் ஆண்டுதோறும் ஒரே மாதிரிச் செய்தி வரும். நல்ல தேர்ச்சி பெற்ற மாணவி கையில் சான்றிதழோடு நிற்பார், பக்கத்தில் பெற்றோர் இருப்பார்கள். அவருக்கு மெட்ரிகுலேஷன் இடம் கிடைத்திருக்காது. மறுநாள் ஓர் அரசியல் தலைவர் அமைச்சரைச் சந்திக்கப் போவதாகச் சொல்வார். அதற்கு மறுநாள் மேல்முறையீட்டுக்கான கடைசித் தேதி அறிவிக்கப்படும். ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை படமும் பெயரும் மட்டுமே.

இந்தச் செய்தி வரும்போதெல்லாம் கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத் தமிழர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நம் பிள்ளைகளுக்கு எத்தனை இடம்? சுபாங் ஜெயாவில் குடியிருக்கும் நானும் நெடுங்காலம் அதையேதான் கேட்டுவந்தேன். இன்று எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் கேள்வி வேறு. அது எது என்று சொல்வதற்கு முன், அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று மெட்ரிகுலேஷன், மற்றொன்று எஸ்.டி.பி.எம். தேர்வில் முடியும் ஆறாம் படிவம்.

யாருக்கு இடம்

மெட்ரிகுலேஷன் கல்வி அமைச்சின் நேரடிப் பொறுப்பில் நடப்பது. இன்றைய வடிவத்தை அது 1990களின் இறுதியில் பெற்றது. தொடக்கத்தில் பூமிபுத்ரா (மலாய்க்காரர், பிற பூர்வகுடியினர்) மாணவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 2000களின் தொடக்கத்தில்தான் பத்து விழுக்காடு மற்ற இனத்தவருக்குத் திறந்துவிடப்பட்டது. அந்தப் பத்துக்குள்தான் சீனர், இந்தியர், பிறர் எல்லாரும். ஆறாம் படிவத்தில் இனவாரிப் பங்கீடு கிடையாது. எஸ்.பி.எம்.மில் கேட்கும் தகுதி இருந்தால் போதும், பள்ளியில் சேரலாம்.

இந்த வேறுபாட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 1969 மே 13 கலவரத்துக்குப் பின் வந்த புதிய பொருளாதாரக் கொள்கையின் காலத்தில், மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் மலாய்க்காரர்கள் மிகக் குறைவாகவே இருந்தனர். 1971இல் அரசியலமைப்பின் 153ஆம் பிரிவு திருத்தப்பட்டு, மேல்நிலைக் கல்வி நிலையங்களில் பூமிபுத்ராக்களுக்கு இடம் ஒதுக்கவும் வழி செய்யப்பட்டது. அன்றைய நிலையில் அந்த நோக்கத்தில் நியாயம் உண்டு. கிளந்தானின் உட்புறக் கம்பத்திலிருந்தும் சபாவின் மலைக் கிராமத்திலிருந்தும் ஒரு பிள்ளை அறிவியல் படிக்க வந்ததற்கு இந்த ஏற்பாடு உதவியிருக்கிறது.

காலமும் செலவும்

மெட்ரிகுலேஷனில் பெரும்பாலோர் இரண்டு பருவங்களில், ஏறக்குறைய ஓராண்டில் முடித்துவிடுகிறார்கள். தங்கும் விடுதியும் மாதப் படியும் உண்டு. சிலாங்கூருக்கான கல்லூரி பந்திங்கில் இருக்கிறது. ஆறாம் படிவம் மூன்று பருவங்கள், ஒன்றரை ஆண்டு. மாணவர் பெரும்பாலும் வீட்டிலிருந்தே போய்வருவார். சாப்பாடும் பேருந்துச் செலவும் பெற்றோர் பொறுப்பு.

கிள்ளானில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் ஒரு குடும்பம் மெட்ரிகுலேஷனுக்கு ஏங்குவதன் காரணம் இங்கே இருக்கிறது. விடுதி, படி, மிச்சமாகும் மாதங்கள் மூன்றும் அந்த வீட்டுக்குப் பணம்தான். அந்த வீட்டு மகன் ஆறாம் படிவம் போனால் அந்த ஒன்றரை ஆண்டும் வீட்டில் ஒரு சம்பளம் குறைவு.

ஆறாம் படிவத்துக்கும் அதற்கே உரிய வலு உண்டு. 1982இல் தொடங்கிய எஸ்.டி.பி.எம்., வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கும் சான்றிதழ். மெட்ரிகுலேஷன் சான்றிதழோ பெரும்பாலும் உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களை நோக்கியே அமைந்தது. ஆறாம் படிவத்தில் அறிவியலோடு கலைப் பாடங்களும் உள்ளன. தமிழையும் ஒரு பாடமாக எடுக்கலாம். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குப் போக விரும்பும் பிள்ளைக்கு இது இயல்பான பாதை.

தேர்வும் தராசும்

இதுவரை சொன்னவை இரு வழிகளுக்கிடையே இருக்கக்கூடிய சாதாரண வேறுபாடுகள். எந்த நாட்டிலும் பல வழிகள் இருக்கும். சிக்கல் அவை சேரும் இடத்தில் இருக்கிறது.

எஸ்.டி.பி.எம். தேர்வை நடத்துவது மலேசியத் தேர்வு மன்றம். நாடு முழுவதும் ஒரே வினாத்தாள். பள்ளி அளவிலான மதிப்பீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்றாலும் பெரும் பகுதி பொதுத் தேர்வுதான். மெட்ரிகுலேஷனில் பாடம் நடத்துவது, தேர்வு வைப்பது இரண்டுமே கல்வி அமைச்சின் கீழுள்ள மெட்ரிகுலேஷன் பிரிவின் வேலை. பாடத்திட்டம், வினாத்தாள், திருத்தும் முறை எல்லாமே வேறு.

2002இல் பல்கலைக்கழகச் சேர்க்கையில் இன ஒதுக்கீடு கைவிடப்பட்டு, தகுதி அடிப்படை என்ற முறை அறிவிக்கப்பட்டது. அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கையைக் கவனிக்கும் யூ.பி.யூ.வின் கணக்கில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. இந்தக் கணக்கில் மெட்ரிகுலேஷனில் பெற்ற 4.00 சராசரியும் எஸ்.டி.பி.எம்.மில் பெற்ற 4.00 சராசரியும் ஒன்றே. ஒதுக்கீடு வாசலில் எடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. ஆனால் வாசலுக்கு வரும் இரண்டு பாதைகளில் ஒன்றில் 90க்கு 10 என்ற பங்கீடு அப்படியே இருந்தது. ஒரே சந்தையில் இரண்டு படி, இரண்டின் மேலும் ஒரே முத்திரை. ஒன்றிலுள்ள அரிசியை மற்றதில் கொட்டிப் பார்க்காமலே வியாபாரம் நடந்துகொண்டிருக்கிறது.

இதனால் ஐயம் இரு பக்கத்திலும் தங்கிவிடுகிறது. எஸ்.டி.பி.எம். மாணவர், தன் 4.00 கடினமானது, மற்றவருடையது எளிது என்கிறார். மெட்ரிகுலேஷனில் இரவு பகலாகப் படித்த மலாய் மாணவிக்கும், தன் உழைப்பைப் பிறர் மட்டமாகப் பேசுகிறார்கள் என்ற மனக்குறை. இரண்டில் எது சரி என்று தீர்ப்பதற்கு ஒரு பொது அளவு வேண்டும். வேதியியலிலோ கணிதத்திலோ இரு பிரிவினரும் ஒரே தாளை எழுதுவதில்லை.

அப்படி ஓர் அளவு வைக்க முடியாதா என்றால், ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். 1999இல் வந்த மூவெட் ஆங்கிலத் தேர்வை இரு பிரிவு மாணவர்களும் எழுதுகிறார்கள். நடத்துவது அதே மலேசியத் தேர்வு மன்றம்தான். ஆங்கிலத்துக்கு முடிந்தது வேதியியலுக்கும் முடியும்.

இரண்டு வழிகள், இரண்டு அரசியல்

இந்தியச் சமூகத்தின் அரசியலும் இந்த இரண்டு வழிகளைப் போலவே இரண்டாகப் பிரிந்து வந்திருக்கிறது. முதலாவது, பங்கு கேட்கும் அரசியல். ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) அமைச்சரவையில் உட்கார்ந்து சமூகத்துக்கான எண்ணிக்கையைப் பேசிப் பெறும். இரண்டாவது, எல்லாருக்கும் ஒரே விதி வேண்டும் என்று கேட்கும் அரசியல்.

முதல் அரசியலின் மேல் பொறுமை தீர்ந்த நாள் 2007 நவம்பர் 25. அன்று இந்தியர் உரிமைக்காக எழுந்த இண்ட்ராப் இயக்கத்தின் பேரணியில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் கோலாலம்பூர் வீதிகளில் இறங்கினர். 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில், 1974 முதல் சுங்கை சிப்புட்டைத் தன் கையில் வைத்திருந்த ம.இ.கா. தலைவர் சாமிவேலு தோற்றார். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கமுந்திங் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டிருந்த இண்ட்ராப் தலைவர் மனோகரன், கிள்ளானின் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். சுபாங் ஜெயா சட்டமன்றத் தொகுதி ஜனநாயகச் செயல் கட்சியின் ஹன்னா இயோவிடம் போயிற்று. சிலாங்கூர் அரசே மாறியது.

பங்கு அரசியல் அதோடு முடிந்துவிடவில்லை, தொகை கூடியது. 2012இல் பிரதமர் நஜிப்பின் அரசு இந்திய மாணவர்களுக்கு 1,500 மெட்ரிகுலேஷன் இடங்களை அறிவித்தது. உண்மையில் எத்தனை பேர் சேர்ந்தனர் என்பதில் மறு ஆண்டே பெரும் சர்ச்சை. 2017இல் மேலும் 700 சேர்ந்து 2,200 ஆனது. 2018 மே 9இல் ஆட்சி மாறியபோது பலர் எதிர்பார்த்தது எண்ணிக்கையை அல்ல, விதியை. 2019 ஏப்ரலில் வந்த முடிவு வேறுவிதமாக இருந்தது: மொத்த இடங்கள் 25,000இலிருந்து 40,000 ஆயின, 90க்கு 10 பங்கீடு மாறவில்லை. முன்பு இந்தியருக்கென்று சொல்லப்பட்ட 2,200 என்னவாயிற்று என்ற பழைய கேள்வி புதிய ஆட்சியிலும் எழுந்தது.

விதி என்று சொல்லத்தக்க ஒன்று 2024 ஜூன் இறுதியில்தான் வந்தது. எஸ்.பி.எம்.மில் 10ஏ அல்லது அதற்கு மேல் பெறுவோர் எந்த இனத்தவராயினும் அவர்களுக்கு மெட்ரிகுலேஷன் இடம் உறுதி என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். அந்த மாணவர் இனி எந்தத் தலைவரின் அலுவலக வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. பங்குக்கு எப்போதும் ஓர் இடைத்தரகர் வேண்டும்: யார் பட்டியலில் இருக்கிறார், யார் இல்லை என்பது அவருக்குத்தான் தெரியும். விதியை மாணவர் தானே படித்துக் காட்டித் தன் இடத்தைக் கேட்கலாம்.

ஆனால் விதியையும் வரி வரியாகப் படிக்க வேண்டியிருக்கிறது. பத்து ஏ வேண்டுமென்றால் முதலில் பத்துப் பாடம் எடுத்திருக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பத்தாவது பாடம் பல நேரம் தமிழ்மொழி அல்லது தமிழ் இலக்கியம். பள்ளி நேரத்துக்கு வெளியே அதைச் சொல்லித்தர ஆசிரியர் முன்வரும் ஊரில் பிள்ளைக்கு வாய்ப்பு உண்டு, வராத ஊரில் இல்லை. 2025இல் இன்னொரு விளக்கம் வந்தது: ஏ-மைனஸ் அந்தக் கணக்கில் சேராது. அதோடு, ஆறு ஏ வாங்கிய தோட்டத் தொழிலாளியின் பேரப்பிள்ளைக்கு இந்த விதியில் ஒன்றுமில்லை. பழைய 1,500இல் அந்தப் பிள்ளைக்கு ஓர் இடம் கிடைத்திருக்கக்கூடும்.

பங்கைக் கேட்டவர்கள் எல்லாம் பிற்போக்காளர், விதியைக் கேட்பவர்கள் எல்லாம் முற்போக்காளர் என்று என்னால் பிரிக்க முடியாமற்போனது இதனால்தான்.

எஸ்.எஸ்.15 சொல்லும் விடை

சுபாங் ஜெயாவின் நிலவரைபடமே இந்த ஒப்பீட்டின் ஒரு பக்கம். சீபீல்ட் ரப்பர்த் தோட்டம் இருந்த மண்ணில் எழுந்த நகரம் இது. இன்று அதன் எஸ்.எஸ்.15 வட்டாரத்தில் இறங்கினால் கண்ணில் படுவது தனியார் கல்லூரி மாணவர் கூட்டம். இன்டி (INTI), டெய்லர்ஸ் கல்லூரிகள் இங்கே வளாகம் அமைத்தவை. அடுத்துள்ள பண்டார் சன்வேயில் சன்வே பல்கலைக்கழகமும், 1998இல் வந்த மோனாஷ் பல்கலைக்கழகக் கிளையும். வெளிநாட்டுப் பட்டத்தின் முதல் ஆண்டுகளை இங்கேயே படிக்கும் ஏற்பாடு 1980களில் பெருகியதற்கு அரசுப் பல்கலைக்கழக வாசலில் நின்ற கூட்டமும் ஒரு காரணம். ம.இ.கா. 2001இல் கெடாவில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது, 2002இல் ம.சீ.ச. (மலேசிய சீனர் சங்கம்) வழியாக உத்தார் பல்கலைக்கழகம் எழுந்தது. வாசல் கிடைக்காதவர்கள் வேறு வாசல் கட்டிக்கொண்டார்கள்.

வசதி உள்ள குடும்பத்துக்கு இது விடைதான். பணம் கட்டி மூன்றாவது வழியில் போய்விடலாம். அப்படிப் போனவர்களின் வீட்டில், அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கை நியாயமாக நடக்கிறதா என்ற கேள்வியும் மெல்ல ஓய்ந்துவிடுகிறது. ஓசையெழுப்பத் தெரிந்த நடுத்தர வர்க்கம் விலகிக்கொள்ள, அங்கே மிஞ்சி நிற்பவர்கள் விடுதியும் படியும் இல்லாமல் படிக்க முடியாதவர்கள்.

கடலுக்கு அப்பால்

இரண்டு தேர்வு, ஒரு வாசல் என்ற சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை நீக்கிய 2006ஆம் ஆண்டுச் சட்டம், மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவரையும் மத்தியப் பாடத்திட்டத்தில் படித்தவரையும் எப்படி ஒப்பிடுவது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு வாரியத்தின் உச்ச மதிப்பெண்ணையும் சமமாக வைத்து மற்ற மதிப்பெண்களைச் சரிசெய்யும் முறை கையாளப்பட்டது. பிறகு மருத்துவச் சேர்க்கைக்கு நீட் என்ற தேசிய நுழைவுத் தேர்வு வந்தது. அரசுப் பள்ளி மாணவர்கள் பின்தங்கியபோது 2020இல் அவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரப்பட்டது. அங்கே சமூக அடையாளத்தோடு, படித்த பள்ளியும் ஒரு கணக்காகிறது.

இலங்கையில் 1970களில் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இலிருந்து மாவட்டப் பங்கீடும் வந்தன. பின்தங்கிய மாவட்டங்களுக்கு அது வழி திறந்தது உண்மை. யாழ்ப்பாண இளைஞர்களுக்கு அரசின் மேல் இருந்த நம்பிக்கை உடைந்ததும் அங்கேதான். சேர்க்கைப் பட்டியல் ஒன்று ஒரு தலைமுறையின் அரசியலையே மாற்றியது.

எனக்குள்ள கேள்வி

ஒப்பிட்டுப் பார்த்தபின் நான் கேட்பவை மூன்று. மெட்ரிகுலேஷன், எஸ்.டி.பி.எம். இரண்டிலும் முக்கியப் பாடங்களுக்கு ஒரு பொதுத் தாளாவது வேண்டும். அதை மூவெட் போலத் தேர்வு மன்றமே நடத்தட்டும். ஒவ்வொரு பட்டப்படிப்புக்கும் எந்த வழியில் வந்தவர் எத்தனை பேர், கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பு என்ன என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். விடுதியும் மாதப் படியும் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரப்பட வேண்டும், ஆறாம் படிவ மாணவருக்கும் சேர்த்து. 153ஆம் பிரிவு இருக்கும்வரை பூமிபுத்ரா ஒதுக்கீடும் இருக்கும். அது எவ்வளவு என்பது இன்று மெட்ரிகுலேஷனுக்குள் மறைந்திருப்பதைவிடப் பல்கலைக்கழக வாசலில் எழுதித் தெரிவது மேல்.

இதற்கு என் நண்பர்கள் சொல்லும் மறுப்பு வலுவானது: பொது அளவு வந்து, அதில் நம் பிள்ளைகளின் எண்ணிக்கை 2,200க்கும் கீழே போனால்? போகலாம். நல்ல டியூஷனும் நல்ல ஆய்வுக்கூடமும் உள்ள நகரத்துப் பிள்ளைகள் முந்திக்கொள்வார்கள். அவர்களில் சுபாங் ஜெயாவின் பிள்ளைகளும் இருப்பார்கள், பூச்சோங் அடுக்குமாடியின் பிள்ளைகள் பின்தங்குவார்கள். அப்போது நான் கேட்கப்போவது இனத்தின் பங்கை அல்ல, அந்த அடுக்குமாடிப் பிள்ளைக்கான கூடுதல் உதவியை. அதே உதவி பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்றும் கேட்பேன். எண்ணிக்கை குறைந்தாலும் இந்த அளவை ஏற்பேன். அது எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்பதே என் நிபந்தனை. அடுத்த பொதுத்தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிற யாராயினும், எந்தக் கூட்டணியாயினும், எங்களுக்கு எத்தனை இடம் வாங்கித் தருவீர்கள் என்று கேட்கப் போவதில்லை. அந்தச் சேர்க்கைப் பட்டியலை என்று வெளியிடுவீர்கள் என்று கேட்பேன்.