பலூன் வேடம் கலைந்த கதை

1969 ஏப்ரல் 14 அன்று கலிபோர்னியாவின் வாண்டன்பெர்க் தளத்திலிருந்து நிம்பஸ்-3 செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதில் இருந்த அகச்சிவப்பு நிறமாலைமானி எடுத்த முதல் அளவீடுகளில் ஒன்று கரீபியக் கடற்பகுதியின் மேலே அமைந்தது. தரையிலிருந்து மேலே போகப்போகக் காற்றின் வெப்பநிலை எப்படி மாறுகிறது என்பதை அந்த அளவீட்டிலிருந்து கணக்கிட்டு ஒரு கோடாக வரைந்தார்கள். ஜமைக்காவின் கிங்ஸ்டனிலிருந்து ஏறிய வானிலை பலூன் காட்டிய கோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. அந்தக் கருவியை உருவாக்கிய டேவிட் வார்க் குழுவின் பத்தாண்டு உழைப்புக்கு அதைவிடத் தெளிவான சான்று தேவைப்படவில்லை. சில வாரங்களிலேயே அந்த அளவீடுகள் அமெரிக்கத் தேசிய வானிலை மையத்தின் அன்றாடக் கணக்கில் இடம்பிடித்தன. வானிலை அறிவியலின் வரலாற்றில் இது பெரிய வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வெற்றி அளந்து பார்க்கப்பட்ட விதமே அடுத்த இருபது ஆண்டுகளுக்கு இத்துறையைத் தவறான தடத்தில் வைத்திருந்தது என்பது என் வாதம். செயற்கைக்கோள் எவ்வளவு நல்ல பலூனாக நடிக்கிறது என்பதே அன்று கேள்வியாக இருந்தது. அந்த நடிப்பை அது கைவிட்ட பிறகுதான் முன்னறிவிப்பில் அதன் முழுப் பயன் தெரிந்தது.

பலூனையே அளவுகோலாகக் கொண்டதில் வியப்பில்லை. 1930 ஜனவரியில் ரஷ்யாவின் பாவ்லோவ்ஸ்கில் பாவெல் மொல்சனோவ், பலூனில் ஏறும் சிறு அளவீட்டுப் பெட்டியான தன் ரேடியோசோண்டைப் பறக்கவிட்டார். பிரான்சில் ராபர்ட் புரோ அதற்குச் சற்று முன்பே இதே வேலையில் இறங்கியிருந்தார். அன்று முதல் மேல்வளியைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி இந்தச் சிறு பெட்டிகள் வானொலி அலைவழி அனுப்பியதுதான். பலூன் காற்றுக்குள்ளேயே ஏறிப் போகிறது, அதன் உணரி காற்றைத் தொட்டு அளக்கிறது. செயற்கைக்கோளால் எதையும் தொட முடியாது. சுமார் 850 கி.மீ. உயரத்தில், ஏறத்தாழ 100 நிமிடத்துக்கு ஒரு சுற்றாகத் துருவங்களின் வழியே போய்க்கொண்டிருக்கும் அது, கீழிருந்து வரும் வெப்பக் கதிர்வீச்சை மட்டுமே பெறுகிறது. பூமி அதன் கீழே சுழல்வதால் உலகின் எந்த இடத்தையும் நாளுக்கு இருமுறை பார்த்துவிடும். அந்தக் கதிர்வீச்சிலிருந்து வெப்பநிலையை அறியலாம் என்று ஜீன் கிங் 1950களில் யோசனை சொன்னார். 1959-இல் லூயிஸ் கப்லான் அதை நடைமுறைக்கு ஏற்ற வடிவில் எழுதினார். கரியமில வாயு 15 மைக்ரோமீட்டரை ஒட்டிய அலைநீளங்களில் கதிர்வீச்சை உறிஞ்சி வெளியிடுகிறது. இந்த அலைநீளப் பட்டையின் நடுவில் உறிஞ்சல் மிகுதி, ஓரங்களில் குறைவு. ஆகவே நடுவிலிருந்து வரும் கதிர் வளிமண்டலத்தின் மேற்பகுதியிலிருந்தும், ஓரத்திலிருந்து வரும் கதிர் கீழ்ப்பகுதியிலிருந்தும் புறப்பட்டதாக இருக்கும். அந்த வாயு எங்கும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் கலந்திருப்பதால், கதிரின் வலிமை மாறினால் அது வெப்பநிலையின் மாற்றம் என்று கொள்ளலாம். 1964-இல் நிம்பஸ்-3 நிறமாலைமானியின் முன்மாதிரியை டெக்சாஸிலிருந்து மேலே அனுப்பிச் சோதித்தார்கள். அதைத் தூக்கிச் சென்றது ஒரு பலூன்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சிக்கல் இயற்பியலில் இல்லை, கணக்கில் இருந்தது. நிம்பஸ்-3 கருவிக்கு எட்டே சேனல்கள், அதாவது எட்டு அலைநீளப் பட்டைகள். ஒவ்வொரு சேனலும் பல கிலோமீட்டர் தடிமனுள்ள காற்றுப் படலம் முழுவதிலிருந்தும் வரும் கதிரைச் சேர்த்துத் தருகிறது, அடுத்த சேனலின் படலமோ இதன்மீதே படர்ந்திருக்கிறது. மளிகைக் கடை ரசீதில் பொருள்வாரி விலையெல்லாம் அழிந்து சில கூட்டுத்தொகைகள் மட்டும் மிஞ்சினால் என்ன செய்வோமோ அந்த நிலைதான்: ஒரே கூட்டுத்தொகையை எத்தனையோ விலைப்பட்டியல்கள் தரக்கூடும். எது சரி என்று முடிவு செய்ய வெளியிலிருந்து ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். அந்த வெளித்தகவலுக்காகவும் பலூனிடமே போனார்கள். ஏற்கெனவே பறந்த பலூன்களின் பதிவுகளைச் செயற்கைக்கோள் அளவீடுகளோடு இணைத்து, இன்ன கதிர்வீச்சுக்கு இன்ன வெப்பநிலை என்று புள்ளியியல் சமன்பாடு அமைத்தார்கள். கிடைத்த விடையை உலகெங்கும் அனுப்ப வகுத்த தந்திக் குறியீட்டுக்கு ‘சாட்டெம்’ என்று பெயர். பலூன் பதிவுகளுக்கான ‘டெம்ப்’ குறியீட்டின் தம்பி அது. முன்னறிவிப்பு மையத்துக்கு வந்து சேர்ந்தபோது அந்த எண்கள் கதிர்வீச்சாக இல்லை. இன்னின்ன அழுத்த மட்டங்களுக்கு இடையே காற்றுப் படலத்தின் தடிமன் இவ்வளவு என்று, பலூன் சொல்வது போலவே சொல்லின. வாங்கிய கணினியும் அவற்றைச் சற்றுத் தரம் குறைந்த பலூன்களாகவே நடத்தியது.

இந்த வேடம் எங்கே பிசகும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. கதிர்வீச்சு சொல்லாமல் விட்டதைச் சராசரியைக் கொண்டு நிரப்பினால், வானிலை சராசரியாக உள்ள நாட்களில் விடை சரியாக வரும். குளிர்காற்றும் வெப்பக்காற்றும் மோதும் எல்லையில், அதாவது புயல் பிறக்கும் இடத்தில், குளிர்ந்த பக்கம் கொஞ்சம் சூடாகவும் சூடான பக்கம் கொஞ்சம் குளிர்ந்தும் தெரியும். வானிலையாளருக்கு எந்த நாளில் தகவல் தேவையோ அந்த நாளில்தான் அது மழுங்கிப் போகிறது. இந்தப் பிழை பலூனின் பிழை போலவும் இல்லை. ஒரு பலூன் தவறினால் பக்கத்து ஊர்ப் பலூன் அதைக் காட்டிக்கொடுக்கும். இங்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு எல்லா அளவீடுகளும் ஒரே திசையில் சாய்ந்து நிற்கும். மேகம் வேறு குறுக்கிட்டது. அகச்சிவப்புக் கதிர் மேகத்தைத் தாண்டி வராது. 1972 டிசம்பரில் ஏறிய நிம்பஸ்-5, டேவிட் ஸ்டேலினின் நுண்ணலைக் கருவியால் இதற்கு வழி காட்டியது. ஆக்சிஜன் 50 முதல் 60 ஜிகாஹெர்ட்ஸ் வரை வெளியிடும் நுண்ணலைக்குப் பெரும்பாலான மேகங்கள் தடையே இல்லை. 1978 அக்டோபரில் டைராஸ்-என் ஏறியபோது அகச்சிவப்பும் நுண்ணலையும் ‘டோவ்ஸ்’ என்ற ஒரே தொகுப்பில் சேர்ந்தன. ஆனால் அதன் நுண்ணலைக் கருவிக்கு நான்கே சேனல்கள், ஒவ்வொரு பார்வையும் தரையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் அகலம். ஈரப்பதத்தின் நிலை இன்னும் மோசம். நீராவி இடத்துக்கு இடம், மணிக்கு மணி மாறுவது. 6.7 மைக்ரோமீட்டரில் வரும் கதிரின் மாற்றத்துக்குக் காரணம் ஈரமா, வெப்பநிலையா என்று பிரிப்பதே ஒரு வழக்கு. அதைப் பலூன் கோடாக்கித் தந்தபோது யாரும் பெரிதாக நம்பவில்லை.

முடிவுகளும் அப்படித்தான் வந்தன. 1980-இல் டிராக்டனும் அவரது சகாக்களும் அமெரிக்க மையத்தின் சோதனைகளை வெளியிட்டார்கள்: வடகோளத்தில் இந்தத் தரவைச் சேர்த்தாலும் விட்டாலும் முன்னறிவிப்பு ஏறத்தாழ அதுவே. இங்கிலாந்தின் ரெடிங் நகரிலுள்ள ஐரோப்பிய வானிலை முன்னறிவிப்பு மையம் 1980களின் இறுதியில் செய்த சோதனைகளில் நிலைமை அதைவிட மோசம். சில இடங்களில் தரவைச் சேர்த்ததால் முன்னறிவிப்பு கெட்டது. 1990களின் தொடக்கத்தில் அந்த மையம் வடகோளத்தின் கீழ்வளிமண்டலத்தில் தயாரித்து அனுப்பிய இந்த அளவீடுகளைப் பயன்படுத்துவதையே நிறுத்தியது. தென்கோளத்தில் அவை உதவின. அது பாராட்டுக்குரிய செய்தி போலத் தோன்றலாம், ஆனால் அங்கே ஒப்பிட வேறு எதுவும் இல்லை. தென் பெருங்கடல் முழுவதும் பலூன் விடும் தீவுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மேகப் படங்களைக் கண்ணால் பார்த்துக் கடல்மட்ட அழுத்தம் எவ்வளவு இருக்கும் என்று ஆஸ்திரேலிய வானிலையாளர்கள் மதிப்பிட்டு அனுப்பிய எண்களைக்கூட உலக மையங்கள் நன்றியோடு வாங்கிக்கொண்ட காலம் அது.

திருப்பம் ஒரு புதிய கருவியிலிருந்து வரவில்லை. கணக்கைத் தலைகீழாகப் போட்டதில் வந்தது. முன்னறிவிப்பு மாதிரியிடம் வளிமண்டலத்தைப் பற்றிய ஒரு மதிப்பீடு எப்போதும் உண்டு; ஆறு மணி நேரத்துக்கு முந்தைய நிலையிலிருந்து அது கணக்கிட்டது. அந்த மதிப்பீடு உண்மையானால் செயற்கைக்கோள் இந்நேரம் எவ்வளவு கதிர்வீச்சைக் கண்டிருக்கும் என்று கணக்கிடலாம். இந்தத் திசையில் கணக்குக்கு ஒரே விடைதான். கண்டதற்கும் கணக்கிட்டதற்கும் வேறுபாடு இருந்தால், மாதிரியின் வெப்பநிலையையும் ஈரத்தையும் பிற அளவீடுகளோடு முரண்படாத அளவுக்குத் திருத்த வேண்டும். வெப்பநிலையைத் தனியாக வருவிக்கும் கட்டமே இதில் மறைந்துவிடுகிறது. ஜான் அயர் முன்னின்று வடிவமைத்த ஓர் இடைக்கால முறை ஐரோப்பிய மையத்தில் 1992-இல் புழக்கத்துக்கு வந்தது. கதிர்வீச்சை நேரடியாக எடுத்துக்கொள்ளும் முறையை அமெரிக்க மையம் 1995-இலும் ஐரோப்பிய மையம் 1996-இலும் தொடங்கின. அப்போதும் அவை வாங்கியது மேகம் நீக்கி முன்கூட்டியே பக்குவப்படுத்திய கதிர்வீச்சுதான். அந்தப் பூச்சும் இல்லாத கச்சா அளவீட்டை 1999-இல் ஐரோப்பிய மையம் எடுத்துக்கொண்டது. ஈரப்பதத்துக்கும் அப்போதுதான் விமோசனம். ஒரு சேனலில் ஈரமும் வெப்பமும் கலந்து வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்; எதை எவ்வளவு திருத்துவது என்பதை மற்ற சேனல்களும் பலூன்களும் மாதிரியும் சேர்ந்து முடிவு செய்யும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1998 மே மாதம் நோவா-15 செயற்கைக்கோள் ஏறியது. அதில் வெப்பநிலைக்கு 15 சேனல்களும் ஈரத்துக்கு 5 சேனல்களும் கொண்ட புதிய நுண்ணலைக் கருவிகள் இருந்தன. கணினிகளும் அதே ஆண்டுகளில்தான் பல மடங்கு வேகம் பெற்றன. 2000-ஐ ஒட்டித் தென்கோள முன்னறிவிப்பு வடகோளத்தின் தரத்தை ஏறத்தாழ எட்டிப்பிடித்ததற்குக் கருவியும் கணினியும் போதாதா, கருத்து மாற்றத்தை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். கருவியின் பங்கை நான் குறைக்கவில்லை. அந்த 15 சேனல் கருவியின் அளவுக்கு முன்னறிவிப்பை உயர்த்திய தனிக் கருவிகள் மிகச் சில. ஆனால் இந்த வழக்கைத் தீர்க்க ஒரு சோதனை ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது. ஐரோப்பிய மையம் கடந்த காலத்தின் வானிலையைப் புதிய முறையில் மறுபடி கணக்கிட்டபோது, 1979-லிருந்து வந்த அதே பழைய டோவ்ஸ் கதிர்வீச்சை நேரடியாக உள்ளே விட்டது. அந்த மறுகணிப்பிலிருந்து புறப்பட்ட 1980களின் தென்கோள முன்னறிவிப்புகள், அந்நாளில் உண்மையாகவே வெளியானவற்றைவிட மிகவும் மேம்பட்டிருந்தன. மாதிரியும் அதற்குள் மேம்பட்டிருந்தது என்பது சரியே. ஆனால் கருவி பழையது, சேனல்கள் பழையவை. பயன் அந்தப் பழைய அளவீடுகள் பதிந்த நாடாக்களில் முதலிலிருந்தே இருந்தது, அதை எடுக்கத் தெரியவில்லை.

இரண்டாவது மறுப்பு நுட்பமானது. மாதிரியின் ஊகத்தோடு ஒப்பிட்டுத்தான் அளவீட்டுக்குப் பொருள் காண்கிறோம் என்றால், மாதிரி தன் நம்பிக்கையைத் தானே உறுதிசெய்துகொள்வதாகாதா? ஆபத்து உண்மையானது. கருவியின் சாய்வைத் திருத்துகிறேன் என்று மாதிரியின் சாய்வுக்கு அளவீட்டை இழுத்துவிடலாம். அதனால்தான் திருத்தம் தேவைப்படாத சில அளவீடுகள் நங்கூரமாக வேண்டியிருக்கின்றன. பலூன் இன்று அந்த வேலையைப் பார்க்கிறது. 2006-இல் ஏறிய காஸ்மிக் தொகுதியின் ஆறு செயற்கைக்கோள்கள் ஜி.பி.எஸ். அலைகள் வளிமண்டலத்தில் எவ்வளவு வளைகின்றன என்று பார்த்து அதே பணியைச் செய்தன; அவ்வழி வந்தவை இன்றும் செய்கின்றன. இறுதித் தீர்ப்பு எப்படியும் நாளைய வானிலையிடம் இருக்கிறது. சுயதிருப்தியில் சுழலும் மாதிரி ஐந்தாம் நாள் முன்னறிவிப்பில் அகப்பட்டுக்கொள்ளும்.

காலநிலைப் பதிவுக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தாது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே தேவைப்படுவது பல பத்தாண்டுகளுக்கு மாறாத வெப்பமானி. 1990-இல் ராய் ஸ்பென்சரும் ஜான் கிறிஸ்டியும் டைராஸ்-என் முதல் வரிசையாக வந்த நான்கு சேனல் கருவிகளை அப்படியொரு வெப்பமானியாகத் தொகுத்தார்கள். அதில் பூமி சூடாவதே சரியாகத் தெரியவில்லை என்று அடுத்த பதினைந்து ஆண்டுகள் சர்ச்சை நீடித்தது. செயற்கைக்கோள்கள் மெல்ல உயரம் இழப்பதால் விளையும் பொய்யான குளிர்ச்சியை 1998-இல் வென்ட்ஸும் ஷாபெலும் காட்டினார்கள். ஒரே இடத்தைக் கடக்கும் நேரம் ஆண்டுக்காண்டு தள்ளிப்போவதற்குச் செய்த திருத்தத்தில் இருந்த பிழையை 2005-இல் மியர்ஸும் வென்ட்ஸும் கண்டுபிடித்தார்கள். 2006-இல் வெளியான அமெரிக்க அரசின் மதிப்பாய்வு, உலக அளவில் அந்த முரண்பாடு இனி இல்லை என்றது. இங்கேயும் என் கண்ணுக்குப் படுவது பழைய பழக்கம்தான்: மங்கிய, நகர்ந்துகொண்டிருக்கும் ஒரு கதிர்மானியை, காற்றைத் தொட்டு அளக்கும் வெப்பமானி என்று அவசரப்பட்டு நம்பிவிட்டார்கள்.

பிறகு வந்த கருவிகள் இந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டே பிறந்தன. 2002-இல் அக்வா செயற்கைக்கோளில் ஏறிய கருவிக்கு 2378 சேனல்கள், 2006-இல் ஐரோப்பாவின் மெட்டாப்-ஏ கொண்டுபோன கருவிக்கு 8461. இத்தனை சேனல்களையும் யாரும் உயர வரைபடமாக்கி அன்றாடம் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. சில நூறு சேனல்களைத் தேர்ந்து கதிர்வீச்சாகவே கணக்கில் விடுகிறார்கள். 2011-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறிய இந்திய-பிரெஞ்சு மேகா-டிராபிக்ஸ் துருவப் பாதையில் போகவில்லை, வெப்பமண்டலத்தின் மேலேயே சுற்றியது. அதன் ஈரமானி 183 ஜிகாஹெர்ட்ஸை ஒட்டிய ஆறு சேனல்களில் எடுத்த அளவீடுகளையும் முன்னறிவிப்பு மையங்கள் கதிர்வீச்சாகவே வாங்கின.

வேடம் முழுதாகக் கலைந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ‘நியூகேப்ஸ்’ என்ற முறையில் இன்றும் கதிர்வீச்சை வெப்பநிலைக் கோடாக்கித் தருகிறார்கள். அலாஸ்காவில் அதற்கு உண்மையான தேவை இருக்கிறது. அங்கே பலூன் நிலையங்கள் தொலைவுக்கொன்று, துருவத்தை ஒட்டிப் பறக்கும் விமானங்களோ பல. பறக்கும் உயரத்தில் காற்று −65 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் எரிபொருள் உறையத் தொடங்கும் அபாயம் உண்டு. ஆங்கரேஜ் அலுவலகத்தில் எச்சரிக்கை எழுதும் முன்னறிவிப்பாளருக்குக் கதிர்வீச்சு எண்ணால் பயனில்லை. எந்த உயரத்திலிருந்து எந்த உயரம் வரை குளிர் என்று தெரிந்தால் போதும். துருவத்தை ஒட்டிய இடமாதலால் செயற்கைக்கோள்கள் சுற்றுக்குச் சுற்று அதன் மேலேயே வந்துபோகின்றன. தடிமனான படலத்தின் சராசரி என்றாலும், குளிர்ந்த காற்றின் திரள் பெரிதாக இருப்பதால் அந்தக் கோடு அங்கே ஏமாற்றுவதும் குறைவு.