வரைகலைப் பரிமாற்றம்

வரைகலைப் பரிமாற்றம் என்பது, ஒரு வடிவமைப்பு மென்பொருளில் உருவாக்கிய படத்தையோ எழுத்தையோ பக்கத்தையோ இன்னொரு மென்பொருளுக்குக் கொண்டுசென்று அங்கே தொடர்ந்து திருத்துவது. நிறுவனத்தின் சின்னம் இல்லஸ்ட்ரேட்டரிலோ கோரல்டிராவிலோ வரையப்படுகிறது. ஒளிப்படம் போட்டோஷாப்பில் சீர்செய்யப்படுகிறது. இரண்டும் இன்டிசைனில் ஒரு பக்கமாகச் சேர்ந்து அச்சகத்துக்குப் போகின்றன. இந்தப் பயணத்தில் கைமாறுவது படத்தைப் பற்றிய விவரிப்பு. அனுப்பும் மென்பொருள் எழுதியதில் பெறும் மென்பொருளுக்குப் புரியாத பகுதி இருந்தால், அது விடுபட்டுப்போகும். அல்லது புரிகிற எளிய வடிவத்துக்கு இறக்கப்படும். பரிமாற்றக் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இறக்கத்தில் பிறப்பவை.

வரைகலை இருவகைப்படும். பிக்சல் படத்தில் சின்னஞ்சிறு சதுரங்கள் நிரைநிரையாக அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் குறிக்கப்பட்டிருக்கும். ஒளிப்படங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. வெக்டர் படத்தில் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் வளைகோடுகளும் கணிதமாகப் பதிவாகியிருக்கும். அதனால் விசிட்டிங் கார்டுக்கு வரைந்த சின்னத்தையே பிளெக்ஸ் பேனர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் விளிம்பு மழுங்காது. வெக்டரைப் பிக்சலாக்குவது நொடிப்பொழுது வேலை. திரும்பி வரும் வழி கடினமானது. தடம்பிடிக்கும் கருவி நிற எல்லைகளைப் பார்த்துக் கோடுகளை ஊகிக்கும்; வட்டம் சற்றே கோணும், எழுத்தின் கூர்முனை உருண்டுபோகும். மூலக் கோப்பு தொலைந்து, 600 பிக்சல் அகலமுள்ள ஜேபெக் படம் மட்டும் மிஞ்சியிருந்தால், அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற வழக்கமான அச்சுத் தரத்தில் அது 2 அங்குல அகலத்துக்குத்தான் போதும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இன்னும் தேயும். அத்தகைய சின்னத்தை அடியில் வைத்து, மேலே கையால் புதிதாக வரைந்துகொள்வதே நல்லது.

மென்பொருள்களுக்கு ஒரு பொதுமொழி அமைந்தது அச்சுப்பொறியின் வழியாக. ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜான் வார்னாக்கும் சார்லஸ் கெஷ்கியும் 1982இல் அடோபி நிறுவனத்தைத் தொடங்கி, 1984இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்க விவரிப்பு மொழியை வெளியிட்டனர். 1985இல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் அந்த மொழியைப் படித்து அச்சிட்டது. அதே ஆண்டு ஆல்டஸ் நிறுவனத்தின் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரும் வந்தது. 1987இல் இல்லஸ்ட்ரேட்டர், 1989இல் கோரல்டிரா, 1990இல் போட்டோஷாப் தொடர்ந்தன. ஒரு படத்தை வேறொரு பக்கத்துக்குள் பொதிந்துவைக்கத் தோதாக எழுதப்பட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்புதான் இபிஎஸ். 1993இல் வந்த பிடிஎஃப் அதன் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தது. 2008இல் ஐஎஸ்ஓ 32000 என்ற பன்னாட்டுத் தரமாகவும் ஆனது.

போஸ்ட்ஸ்கிரிப்டில் ஒளிபுகும் தன்மைக்கு இடமில்லை. மேலே வரைந்தது கீழே இருப்பதை முழுதாக மறைத்துவிடும். 2001இல் வந்த பிடிஎஃப் 1.4 பதிப்பில்தான் ஒரு பொருளின் ஊடாக இன்னொன்று தெரிவதைச் சொல்லும் வசதி சேர்ந்தது. ஆகவே மென்மையான நிழல் போட்ட ஒரு வடிவத்தை இன்றைக்கும் இபிஎஸ் கோப்பாக ஏற்றுமதி செய்தால், மென்பொருள் அதைத் தட்டையாக்கும்: நிழல் பிக்சல் ஆகும், நிழல் படிந்த எழுத்து துண்டு துண்டாக வெட்டப்படும், துண்டுகளுக்கிடையே மயிரிழை போன்ற வெள்ளைக் கோடுகள் திரையில் தெரியும். அதே வடிவத்தைப் பிடிஎஃப் 1.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பின் வழியாக அனுப்பினால் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

நகலெடுத்து ஒட்டும்போது, அனுப்பும் மென்பொருள் ஒரே படத்தைப் பல வடிவங்களில் நினைவகத்தில் வைக்கிறது. பெறுவது தனக்குத் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறது. இல்லஸ்ட்ரேட்டரிலிருந்து போட்டோஷாப்பில் ஒட்டும்போது, ஸ்மார்ட் ஆப்ஜெக்ட், பிக்சல், பாதை, வடிவ அடுக்கு ஆகியவற்றில் எது வேண்டும் என்று கேட்கப்படும். 2005இல் அறிமுகமான ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் மூல வெக்டரை அப்படியே உள்ளே பாதுகாப்பதால், இரட்டைச் சொடுக்கில் அதைத் திறந்து திருத்த முடியும். பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டுவதைவிட, கோப்பை இணைப்பாக இடுவதே வழக்கம். இணைப்புக் கோப்புகளைச் சேர்க்காமல் பக்கத்தை மட்டும் அச்சகத்துக்கு அனுப்பினால், அங்கே மிஞ்சுவது தரம் குறைந்த முன்தோற்றம் மட்டுமே.

இணையத்துக்கான வெக்டர் வடிவமான எஸ்விஜி 2001இல் தரமாக அறிவிக்கப்பட்டது. கட்டற்ற மென்பொருளான இங்க்ஸ்கேப் அதையே தன் மூல வடிவமாகக் கொண்டுள்ளது. இங்கே தடுமாறவைப்பது அளவு. இல்லஸ்ட்ரேட்டர் ஓர் அங்குலத்தை 72 அலகுகளாகக் கணக்கிடுகிறது. இங்க்ஸ்கேப் 2017இல் வந்த 0.92 பதிப்பு முதல் 96 அலகுகளாகவும், அதற்கு முன் 90 அலகுகளாகவும் கொண்டது. பிக்சல் கணக்கில் சேமித்த 10 அங்குல வரைபடம் புதிய பதிப்பில் 7.5 அங்குலமாகவும், பழையதில் 8 அங்குலமாகவும் திறக்கும். திரையில் இது கண்ணுக்குப் படாது. லேசர் வெட்டு எந்திரத்தில் பலகை வீணான பிறகே தெரியும்.

நிறமும் வழியில் மாறும். திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கலக்கிறது. நான்கு வண்ண அச்சு சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளைக் கலக்கிறது. திரைநிறத்தில் உள்ள கறுப்பு எழுத்தை அச்சுநிறத்துக்கு மாற்றினால் அது நான்கு மைகளின் கலவையாகப் பிரியும். பிளேட்டுகள் இம்மி விலகினாலும் சிறிய எழுத்துகளின் ஓரம் வண்ணமாகக் கசியும். எழுத்தைக் கறுப்பு மையில் மட்டும் 100 விழுக்காடு என்று குறித்துவைத்தால் இது நேராது.

தமிழ் எழுத்துக்கு இந்தப் பயணம் கூடுதல் கடினம். ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தின. பாமினியில் 'அம்மா' என்று தெரிவது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற கோவையாக நிற்கும். ஒருங்குறியில் வேறு சிக்கல். 'கொ' என்பதில் ககரத்துக்குப் பின் சேமிக்கப்படும் உயிர்க்குறி, திரையில் ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். தெற்காசிய எழுத்துகளைக் கோக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுக்காத போட்டோஷாப்பிலும் இன்டிசைனிலும் கொம்பும் காலும் இடம் மாறி விழும். இதனால்தான் அச்சகத்தார் 'கர்வ் பண்ணி அனுப்புங்க' என்கிறார்கள். கோரல்டிராவில் கன்ட்ரோல், கியூ விசைகளை அழுத்தினால் எழுத்துகள் வெறும் வளைகோடுகளாகும். எந்தக் கணினியிலும் வடிவம் மாறாது. ஆனால் அதன்பின் பிழை திருத்த முடியாது. திருமண அழைப்பிதழில் ஒரு பெயரைத் திருத்தவேண்டி வந்தால், கர்வ் ஆகாத பிரதி கையில் இருந்தாக வேண்டும்.

முடிந்த பிடிஎஃப் கோப்பை மறுபடி திருத்தத் திறப்பதும் உண்டு. பிடிஎஃப் பக்கத்தின் தோற்றத்தையே முதன்மையாகப் பதிவதால், ஒரு பத்தி தனித்தனி வரிகளாகச் சிதறித் திறக்கும். படங்கள் கத்தரிப்பு மறைப்புகளுக்குள் சிக்கியிருக்கும். 2000இல் வந்த 9ஆம் பதிப்பு முதல் இல்லஸ்ட்ரேட்டரின் சொந்தக் கோப்பே இரு பகுதிகள் கொண்டது: பிறர் படிக்க ஒரு பிடிஎஃப், தான் திருத்தத் தனித் தரவு. இங்க்ஸ்கேப் அதில் பிடிஎஃப் பகுதியையே படிக்கிறது. சேமிக்கும்போது பிடிஎஃப் ஒத்திசைவு என்ற தெரிவை நீக்கிவிட்டால், பிற மென்பொருள்கள் திறந்து பார்ப்பது படத்துக்குப் பதிலாக, பிடிஎஃப் உள்ளடக்கம் இல்லாமல் சேமிக்கப்பட்ட கோப்பு இது என்று சொல்லும் அறிவிப்பை மட்டுமே.